படத்தில் இல்லாத வழி

பிப்ரவரி பதினொன்று, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வெள்ளாயணிக் காயல், மேற்குக் கரை. காற்று இல்லை. மெல்லிய மூடுபனி. நேரில் கண்டவாறு வரைந்தது.

மேலே உள்ள வரிகள் என் நீர்வண்ணப் படம் ஒன்றின் பின்பக்கத்தில், என் கையெழுத்தில், கறுப்பு மையில் இருப்பவை. ஆண்டை மட்டும் இங்கே விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே கரையில்தான் வாழ்கிறார்கள்.

சென்ற வாரம் தூரிகைகள் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "உங்கள் முதல் படத்தை யார் வாங்கினார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியைத் தொடாமலே இத்தொடரை முடித்துவிட எண்ணியிருந்தேன். இனி இயலாது.

ஒரு வாளித் தண்ணீர்

அன்று கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் போயிருந்தேன். மடக்கு நாற்காலியை விரித்த இடத்திலிருந்து வலப்பக்கம் காயல். தாமரை இலைகள் பனியில் ஈயத்தின் நிறத்தில் கிடந்தன. இடப்பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அதன் ஓரமாக ஓர் ஆட்டோ செல்லும் அகலத்தில் செம்மண் வழி ஒன்று போய், ஒரு வாழைக்கூட்டத்தைச் சுற்றி வளைந்து மறைந்தது.

எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான் தூரிகை கழுவும் தண்ணீரை வீட்டிலேயே மறந்தது தெரிந்தது. காயலில் கோரலாமென்று இறங்கினேன். இரண்டாவது அடியில் முழங்கால்வரை சேறு.

"பிள்ளே! அங்க எறங்காதே. ஆளு காணாம போவும், கேட்டியா?"

வாழைக்கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் அந்த வழியாக ஓடிவந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என் முழங்கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டுவிட்டு, என் காலைப் பார்த்துச் சிரித்தார். திரும்பிப் போய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளியும், எவர்சில்வர் தம்ளரில் பால் விடாத கட்டன் சாயாவும் கொண்டுவந்தார்.

அவர்தான் ரோஸ்லின் அக்கா. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். கணவர் தாஸ் ஒரு விபத்தில் வலக்காலை இழந்தவர். இவற்றையெல்லாம் நான் கேட்கவில்லை. நான் கேட்கிற இனம் அல்ல. என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரே சொன்னார்.

"இம்பிடு வெள்ளம் எதுக்கு? கழுவிக் கழுவிப் படத்தையே கழுவிருவ போலிருக்கே."

படம் முடிந்ததும் வாளியையும் தம்ளரையும் திருப்பிக் கொடுக்க அந்த வழியாகவே நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். ஈரச் செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வழியில் நான் நடந்திருக்கிறேன். அந்த வழியாக வந்த தண்ணீரில்தான் அந்தப் படத்தை வரைந்தேன்.

படத்தில் அந்த வழி இல்லை.

விடுதல் என்னும் கலை

இயற்கைக் காட்சி வரைகிறவர்களின் முதல் வேலை எதை வரைவது என்பதன்று; எதை விடுவது என்பது. இந்நகரத்தில் வரைகிற எல்லோரும் மின்கம்பிகளை விடுகிறார்கள். கோட்டைக்குள் குளக்கரையை வரையும்போது நான் அங்கே நிற்கிற இருசக்கர வண்டிகள் அத்தனையையும் விட்டிருக்கிறேன். ஒருவரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. "எவ்வளவு அமைதி!" என்றார்கள்.

என் முறை இது: முதலில் உள்ளங்கை அளவுள்ள கறுப்பு அட்டைப் புத்தகத்தில், சீட்டுக்கட்டின் சீட்டளவுக்கு ஒரு பென்சில் குறிப்பு. கண்ணில் பட்டது எல்லாம் அதில் வரும். பிறகு வேண்டாதவற்றின் மேல் ஒரு கோடு. காரணம் ஒரு வரியில். அதன் பின்பே பெரிய தாள். புகைப்படம் எடுப்பதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் தமிழ் முதுகலை மாணவி. என் ஆய்வேடு பழைய ஏடுகளைப் பெயர்த்து எழுதியவர்கள் விட்டுவிட்ட வரிகளைப் பற்றியது. "விட்டதைக் குறிப்பிடாமல் விடுவது பதிப்பாசிரியனின் குற்றம்" என்று முதல் இயலிலேயே அழுத்தமாக எழுதியிருக்கிறேன். எழுதிய வாரமும் குளக்கரைக்குப் போய் வண்டிகளை விட்டுவிட்டு வந்தேன். இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்

என் படங்களை விற்க முனைந்தவன் அண்ணா. கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. அவனுடைய அலுவலக வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கைவினைக் கடைகள் போடுவார்கள். ஒரு மேசையை வாங்கித் தந்து, என்னை அதன் பின்னால் உட்காரவைத்தான்.

"சிரிச்சுண்டு இரு. யாராவது வந்தா 'வாங்கோ'ன்னு சொல்லு. பரீட்சை ஹால் மாதிரி முழிக்காதே."

முதல் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றும் விற்கவில்லை. வந்தவர்கள் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது ஏஐ போட்டதா?" ஒரு பெண் விரலை எச்சிலில் தொட்டு, படத்தின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள். வண்ணம் விரலில் ஒட்டியதும், "ஒரிஜினல்தான்" என்று தோழியிடம் அறிவித்துவிட்டு, வாங்காமல் போனாள்.

அன்று திரும்பும் வழியில் அண்ணாவுக்கு யோசனை வந்தது. "நீதான் தேதி, மணியெல்லாம் புத்தகத்தில குறிச்சு வெச்சுப்பியே. அதைப் படத்துக்குப் பின்னாடி எழுது. 'நேரில் கண்டவாறு'ன்னு போடு. எந்தக் கம்ப்யூட்டர் போய்க் காயல்கரையில சேத்துல நிக்கும்?"

எழுதினேன். நாள், மணி, இடம், காற்று. கடைசியில் அந்த இரண்டு சொற்கள். அதன்பின் வந்தவர்கள் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார்கள். படித்துவிட்டு முன்பக்கத்தை மறுபடி, மரியாதையோடு பார்த்தார்கள். அண்ணா என் இணையப் பக்கத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டான். போகப்போக, தை மாதம் ஒரு சிறிய கலைக்கூடத்தில் அதே தலைப்பில் என் முதல் கண்காட்சி என்றும் முடிவாயிற்று. அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது.

அப்படி எழுதி வைத்த முதல் சனிக்கிழமையே ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, தாழ்ந்த குரல். பெயர் சுகுமாரன். வேறு எந்தப் படத்தையும் அவர் பார்க்கவில்லை. வெள்ளாயணிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மோளே, இது அங்கேயே இருந்து வரச்சதாணோ?"

"ஆமாம் சார்."

"இது எனக்குத் தெரிஞ்ச ஸ்தலம்." திருப்பிப் பார்த்தார். தமிழை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். "இதுக்குக் கீழே முழுப் பேரும் ஒப்பும் இடாமோ?"

இட்டேன். சட்டம் போடும்போது பின் அட்டையில் எழுத்துத் தெரியும்படி ஒரு சதுரம் வெட்டச் சொல்வேன் என்றார். என் எழுத்தைக்கூட மதிக்கிற ரசிகர் என்று நினைத்தேன். நான் விற்ற முதல் படம் அது. கண்ணில் நீர் நிறைந்துவிட்டதால், படத்தைச் சுற்றிக் கொடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது: "வாங்கினது யாரு, தெரிஞ்சவாளா?"

"இல்லேம்மா. யாரோ."

"அப்போ நிஜமாவே நன்னாத்தான் இருந்திருக்கும்."

வெள்ளிக்கிழமை

ஐப்பசியில் விடாமல் மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். அம்மா உள்ளே வந்து, "உன்னைத் தேடிண்டு யாரோ வந்திருக்கா. உள்ள வாங்கோன்னா வரமாட்டேங்கறா" என்றாள்.

வாசலில் ரோஸ்லின் அக்கா. குடையை மடக்காமல் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலரவில்லை. கைபேசியை நீட்டினார்.

"மக்ளே, இது நீ வரச்ச படந்தானே?"

திரையில் என் படம், சட்டமிட்டது. மழைத்துளி ஒன்று காயலின் மேல் விழுந்து பெரிதாகத் தெரிந்தது.

"ஆமாம் அக்கா."

"எனக்க வாழ நிக்குது. நான் நட்டது. கொல தள்ளுனது வர வரச்சிருக்க. அதுக்குப் பக்கத்துல வழி கெடந்ததே, அது எங்க பிள்ளே?"

எனக்கு உடனே புரியவில்லை. நான் சொன்ன பதிலை இன்று எழுதக் கூசுகிறது. "அது படத்துக்குச் சரியாக வரவில்லை, அக்கா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம்கூட இல்லை. பிறகு, அளவு சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தோப்பு சுகுமாரன் சாருடையது. அந்த ஓரத்து வழி அவருடைய அப்பா காலத்தில் வாயால் கொடுத்த வழி, எழுத்து இல்லை. அப்பா இறந்து, இப்போது தோப்பை விற்கப் பார்க்கிறார்கள். வழி கிடக்கிற நிலத்தை வாங்க ஆள் தயங்குகிறார்கள். கோடையில் அவர் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தபோதுதான் ரோஸ்லின் அக்கா வழியை வெட்டினார் என்றும், அதற்கு முன்னால் அவர்கள் காயல் வரப்பில்தான் நடந்தார்கள் என்றும் இப்போது அவர் தரப்புப் பேச்சு.

"போன பேச்சுல நான் போட்டோ காட்டுனேன். மவ எடுத்தது, போன வருசத்து கிறிஸ்மஸுக்கு. இதெல்லாம் இப்ப போன்லயே உண்டாக்கலாம்னு பறஞ்சாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க. பொறவு அவரு உனக்க படத்த எடுத்து வச்சாரு. பின்னால திருப்பிக் காட்டுனாரு. பிப்ரவரி மாசம், இத்தன மணி, நேருல கண்டதுன்னு எழுதி ஒப்பும் போட்டிருக்கு. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சொந்தமில்ல, பந்தமில்ல, இது எதுக்குப் பொய் சொல்லணும்னு கேட்டாரு. ஒப்புல இருந்த பேர விசாரிச்சு இங்க வந்தேன்."

என் கை வாசல் நிலையைப் பற்றியிருந்தது. மரம் ஈரமாக இருந்தது.

புகைப்படத்தை நம்பவில்லை. என்னை நம்பினார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வார்டு மெம்பருக்க ஆபீஸ்ல கடைசிப் பேச்சு" என்றார் ரோஸ்லின் அக்கா. "அது கழிஞ்சா கம்பிவேலி. எனக்க வீட்டுக்காரரு கட்டக்கால வச்சு வரப்புல நடப்பாரா, இந்த மழையில? ஆட்டோ முற்றத்துக்கு வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ முடியும்."

"சரி அக்கா. பத்து மணி" என்றேன்.

"வருவியா?"

அவர் குடையோடு மழையில் இறங்கி, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கறுப்பு அட்டைப் புத்தகம்

அலமாரியில் கீழ்த்தட்டில் அந்தப் புத்தகம் இருந்தது. பக்கத்தைத் தேட நேரமாகவில்லை. நான் ஒழுங்கானவள்; எல்லாம் நாள்வாரியாக இருக்கும்.

பிப்ரவரி பதினொன்று, ஏழு நாற்பது. சீட்டளவுப் பென்சில் குறிப்பு. வலப்பக்கம் காயல். இடப்பக்கம் தென்னைகள். கீழே இடது மூலையில் தொடங்கி வாழையைச் சுற்றி ஓடும் வழி. அதில் ஆட்டோச் சக்கரத் தடம் இரண்டு கோடுகளாக. வழியின் மேல் குறுக்காக ஒரு பென்சில் வெட்டு. பக்கத்தில் என் எழுத்து: "வழி வேண்டாம். கண்ணை வெளியே இழுக்கிறது."

படத்தின் அமைப்பைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு சரியானதே. இன்றும் அதை மாற்றமாட்டேன். ஆனால் அந்த வெட்டுக்கோட்டைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் அது பென்சில்கோடாகத் தெரியவில்லை. கம்பியாகத் தெரிந்தது.

அண்ணா ஆறு மணிக்கு வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். ஈரக் காலுறையைக் கழற்றியபடி சொன்னான்:

"நீ என்ன சர்வேயரா? ஆர்ட்டிஸ்ட். ஆர்ட்டிஸ்ட் எதை வேணாலும் விடலாம். கோர்ட்டே அதைத்தான் சொல்லும்."

"விடலாம்ணா. விட்டுட்டுப் பின்னாடி 'நேரில் கண்டவாறு'ன்னு எழுதக்கூடாது."

"நாளைக்கு அங்க போய் அது பொய்னு சொல்லப் போறியா? நாலு பேர் முன்னாடியா? தையில ஷோ இருக்கு. தலைப்பே அதுதான். வாங்கினவா எல்லாம் திருப்பிக் கொண்டு வந்தா?"

"கொண்டு வரட்டும்."

அவன் என்னை வியப்போடு பார்த்தான். எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை இவ்வளவு சுருக்கமாக முடித்து, அதற்குப் பின் விளக்கம் சேர்க்காமல் இருந்ததில்லை. "கூட வரட்டுமா?" என்று கடைசியில் கேட்டான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை

மறுநாள் காலை எட்டரை மணிக்கே வெள்ளாயணியில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. வண்ணப்பெட்டி கொண்டு போகவில்லை. முதலில் அந்த வழியைப் போய்ப் பார்த்தேன்.

நான் கவனித்திருக்க வேண்டியவை எல்லாம் அங்கே இருந்தன. தோப்பின் பக்கமாக வரிசையாகப் பதித்த செங்கற்கள் பாசி பிடித்துப் பாதி புதைந்திருந்தன. வளைவில் ஒரு தென்னையின் அடிமரத்தில், வண்டிகள் உரசி உரசி வழவழப்பான ஓர் இடம். ஒரு கோடையில் அப்படித் தேயாது. வரைகிறவளின் கண் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட கண் இவற்றில் ஒன்றையும் அன்று பார்க்கவில்லை. வேண்டாம் என்று தீர்மானித்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது.

மெம்பரின் அலுவலகம் ஒரு மாடியறை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரோஸ்லின் அக்கா சுவரோரம் நின்றார். தாஸ் அண்ணன் படி ஏற முடியாமல் கீழே ஆட்டோவில் இருந்தார். என் படம் இரும்பு அலமாரியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, முகம் அலமாரியைப் பார்க்க. அவர்களுக்கு வேண்டியது பின்பக்கம்தான். அட்டையில் வெட்டிய சதுரத்துக்குள் என் எழுத்து, திருத்தமாக.

சுகுமாரன் சார் எழுந்து நாற்காலி போட்டார். "மோளு வந்தது நன்றாயி. மெம்பரோடு சொல்லு. நேரில் கண்டு வரச்சதல்லே?"

"நேரில் கண்டேன் சார். வழியையும் கண்டேன்."

மெம்பர் நடுவயதுப் பெண். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார்: அப்படியானால் இங்கே எழுதியிருப்பது என்ன?

"பொய்" என்றேன். இதைவிடப் பொருத்தமான சொல்லை வழியெல்லாம் தேடியிருந்தேன். கிடைக்கவில்லை.

புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தேன். மெம்பர் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், எழுத்தின் மேல் விரலை வைத்தார். "தமிழாணல்லோ. வாசிக்கூ."

வாசித்தேன். "வழி வேண்டாம். கண்ணை வெளியே இழுக்கிறது."

யாரோ சிரித்தார்கள். சுவரோரத்திலிருந்து ரோஸ்லின் அக்கா, "கண்ணையில்ல பிள்ளே, மனுசனத்தான் அது வெளிய கொண்டு போவுது" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

சுகுமாரன் சார் என் புத்தகத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். கடையில் படத்தின் முன் நின்ற அதே நிலை. அவரைப் பொய்யர் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் எழுதிய ஒன்றை வாங்கினார், அவ்வளவே. "எனக்கு அந்தப் படம் சத்தியமாயிட்டும் இஷ்டமாணு, மோளே" என்றார் கடைசியில், வேறு யாருக்கும் கேட்காத குரலில். எனக்கு அது வசவைவிடக் கடினமாக இருந்தது.

மெம்பர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் காகிதக்கனத்தை வைத்தார். "வேலி இப்போ வேண்டா. திங்களாழ்ச்ச நான் வந்து வழியை நேரில் காணும். எல்லாரும் அங்கே வரணம்."

நான் எழுந்து அலமாரியருகே போனேன்.

"சார், படம் உங்களுடையது. பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாமா?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தலையசைத்தார்.

தரையில் மண்டியிட்டேன். பேனாவின் முனை முதலில் பழைய வரியின் கீழே, பழக்கத்தால், அதே இரண்டு சொற்களைத் தொடங்கப் போனது, நிறுத்தினேன். மணி பார்த்தேன். பத்து இருபத்தைந்து. அதை எழுதினேன். அதன் கீழே எழுதினேன்: "இடப்பக்கம் ஒரு வழி. கண்டது; வரையாமல் விட்டது."

மை காயும்வரை ஊதினேன். பிறகு, அவர் அன்று கேட்டுக்கொண்டபடியே, முழுப் பெயரும் ஒப்பும் இட்டேன்.